பூனைகளுக்கு வைத்த நெத்திலிச் சோறு

கூச்சம் பெண்ணுக்கு அழகு என்று சொல்கிறவர்கள் யாரும் கூச்சத்தால் அவதிப்பட்டவர்களாக இருக்க மாட்டார்கள். எனக்கு அது அழகாகவும் இருந்ததில்லை, சௌகரியமாகவும் இருந்ததில்லை. கல்யாணமாகி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீட்டுக்கு வந்த புதிதில், வாசலில் காய்கறி கொண்டுவரும் சீனரிடம் "வெண்டைக்காய் வேண்டாம்" என்று சொல்ல வாய் வராமல், ஒரு வாரம் முழுக்க வீட்டில் வெண்டைக்காய்தான். (இவருக்கு வெண்டைக்காய் ஆகாது. அதை என்னிடம் சொல்ல இவருக்கும் கூச்சம். பிறகு எப்படிக் குடும்பம் நடக்கும்?)

இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்றைக்கு மத்தியானம் அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருப்பேன்.

அப்போது ஜெர்மன் சண்டை தொடங்கவில்லை. இவருக்கு ரயில்வேயில் கார்டு வேலை. வண்டியின் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக் கொடி காட்டுகிற உத்தியோகம். காலையில் கொடியையும் விசிலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினால் எப்போது திரும்புவார் என்பது இஞ்சினுக்கும் மழைக்கும்தான் தெரியும். நான் கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பிரிக்பீல்ட்ஸில் எனக்கு ஒருவரையும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா வேலி வழியாக ஊர்க்கதையெல்லாம் சொல்வார். நான் தலையை ஆட்டுவேன். அந்தப் பேச்சு அவருக்கு மிகவும் பிடித்திருந்தது, ஏனென்றால் முழுக்க அவரே பேசலாம்.

எங்கள் கொல்லைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே பழைய ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கட்டைகளுக்கு அடியில் ஏழெட்டுப் பூனைகள் குடியிருந்தன. வீட்டுப் பூனை என்று சொல்ல முடியாது, காட்டுப் பூனை என்றும் சொல்ல முடியாது. கையை நீட்டினால் ஓடும், சோற்றை நீட்டினால் வரும். இந்த ஊர்ப் பூனைகள் பலவற்றுக்கும் இருக்கிறபடி, எல்லாவற்றுக்கும் வால் நுனியில் ஒரு மடிப்பு. காது கிழிந்த பெரிய கடுவனுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தேன், அது அசைந்தால்தான் மற்றவை அசையும். சாம்பல் நிறத் தாய்ப்பூனை, புகை. வெள்ளைப் பூனை, சுண்ணாம்பு. மிச்சமெல்லாம் குட்டிகள். அவற்றிடம் மட்டும் எனக்குக் கூச்சமே கிடையாது. காலையில் ஆரம்பித்தால் இவர் வரும்வரை பேசிக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் நான் பேசியதையெல்லாம் கேட்டவை அந்தப் பூனைகள்தான். அவை இல்லாவிட்டால் நான் பேச்சையே மறந்திருப்பேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இனி மச்சாண்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவருடைய அண்ணன். கிள்ளானில் ஒரு ரப்பர் கிடங்கில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்குப்பிள்ளை. கோட்டு, தொப்பி, குடை, பளபளக்கும் கறுப்புச் சப்பாத்து. மெலிந்த உடம்பு, எப்போதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே ஒரு கோபம். இவர்களுக்குத் தகப்பனார் இல்லாததால் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பத்து மணி வண்டியில் வந்து எங்கள் குடும்பம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாயங்கால வண்டியில் போவார்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி தம்பி பெண்டாட்டி மச்சாண்டார் முன்னால் நிற்கவும் கூடாது, அவரிடம் நேராகப் பேசவும் கூடாது. (எனக்கென்று செய்து வைத்த வழக்கம்!) அதனால் அவர் வருவதற்குள் அடுப்படி வாசலில் இருக்கிற மணைப்பலகைக்குப் பக்கத்தில் பலகாரத்தை வைத்து மூடிவிட்டு நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். அவர் வருவார், மூடியைத் திறப்பார், சாப்பிடுவார். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் நடுவில் இருக்கிற பொருளிடம் சொல்ல வேண்டும். "தூணே, சட்டினியில உப்பு இல்ல" என்பார் அவர். நான் உப்புக் கிண்ணத்தைக் கதவுக்கு வெளியே தள்ளுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டார். புகையின் குட்டிகளில் ஒன்று எப்படியோ முன்பக்கம் வந்து, அந்தச் சப்பாத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டது. வெறும் வாந்தியாக இருந்தால்கூடத் துடைத்திருக்கலாம். வெள்ளைவெளேர் என்று நீளநீளமாகப் பூச்சிகள், அதுவும் உயிரோடு. மச்சாண்டார் பார்க்காமல் காலை உள்ளே விட்டார்.

அவர் போட்ட சத்தத்தில் ஸ்லீப்பர் கட்டைக்கு அடியில் இருந்த ஸ்டேஷன் மாஸ்டரே எழுந்து ஓடியது.

"தம்பி! இதென்ன வீடா, சத்திரமா? இத்தனை சீக்குப் பூனைய வளத்து வெச்சிருக்க! அடுத்த ஞாயிறு வரும்போது சாக்கோட வரேன். எல்லாத்தையும் புடிச்சுக் கட்டு. சாமான் வண்டியில ஏத்தி துறைமுகத்துல எறக்கி விட்ரு. கப்பல்காரன் எவனாச்சும் கொண்டுபோகட்டும்."

"அண்ணே, எலி நெறய இருக்கு..."

"எலி என் சப்பாத்துல வாந்தியா எடுத்துச்சு?"

அவர் போன பிறகு நான் அழுதேன். இவர் சற்று நேரம் கொடியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துவிட்டுச் சொன்னார். "அழாத புள்ள. அண்ணன் வர்றதுக்குள்ள பூனைங்க வயித்துல மருந்து போயிட்டாப் போதும். 'மருந்து குடுத்தாச்சு, கொஞ்சம் பொறுங்க'ன்னு மிச்சத்த நான் பேசிக்கிறேன்."

பிறகு பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. குட்டிகளுக்கெல்லாம் வயிறு சின்ன மத்தளம் மாதிரி உப்பியிருந்தது. முதுகெலும்பு தெரிந்தது. ரோமம் குத்திட்டு நின்றது. எத்தனை சோறு போட்டாலும் பசி அடங்காமல் கத்தியதன் காரணமும் புரிந்தது. நான் போட்ட சோற்றைப் பூச்சிகள்தான் தின்றுகொண்டிருந்தன.

தோட்டத்தில் எங்களுக்குப் பூச்சி மருந்து கொடுப்பது ஒரு சடங்கு. சின்னப் பிள்ளைகளையெல்லாம் மரத்தடியில் வரிசையாக நிறுத்தி, கங்காணி கையைப் பிடித்துக்கொள்ள, வாயில் ஒரு கரண்டி விளக்கெண்ணெய். விழுங்கிவிட்டு "ஆ" என்று வாயைத் திறந்து காட்ட வேண்டும். இதையே பூனைகளுக்கும் செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஐந்தாம் வகுப்பு வரை படித்த மூளை அல்லவா!

முதலில் புகையைப் பிடித்துப் பழைய சேலையில் சுற்றினேன். தலை மட்டும் வெளியே. கரண்டியை வாயருகே கொண்டுபோனேன். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். பிறகு பார்த்தபோது சேலை கிழிந்து என் கையில் இருந்தது, விளக்கெண்ணெய் என் தலையிலும் சுவரிலும் அடுப்பிலும் இருந்தது, பூனை மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதன் வாய்க்குள் ஒரு சொட்டும் போகவில்லை. என் வாய்க்குள் கொஞ்சம் போயிருந்தது.

அடுத்து வரிசையாகச் சிரட்டைகளை வைத்து, சோற்றில் எண்ணெயைக் கலந்து வைத்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் முதல் சிரட்டையிலிருந்து கடைசிச் சிரட்டை வரை தானே தின்றுவிட்டு, மற்றவை பக்கத்தில் வந்தால் உறுமியது. அதன் பலனை அன்று சாயங்காலம் பாக்கியம் அக்காவின் பூச்செடிகள் அனுபவித்தன.

"ஏன்டியம்மா கமலம், ஒன் பூனைக்கு என் ரோசாச் செடிதான் கெடச்சுதா?" என்று அக்கா வேலிக்கு வந்தார். நான் வழக்கம்போலத் தலையை ஆட்டியிருக்கலாம். ஆனால் அழுகைதான் வந்தது. அழுகையோடு அழுகையாக விஷயமும் வெளியே வந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். கட்டுப்போடுகிறவர், மருந்து கலக்குகிறவர், தன்னைப் பற்றித் தானே புகழ்கிறவர். அன்றைக்கே அக்கா அவரை வேலிக்கு இழுத்து வந்தார். அவர் என்னைப் பார்த்துப் பேசாமல் (நான் தலையைக் குனிந்திருந்ததால்) என் வகிட்டைப் பார்த்துப் பேசினார்.

"பூனைதானே? நான் கை வெச்ச வயித்துல ஒரு பூச்சி தங்கினதா சரித்திரமே கெடையாது. சாண்டோனின்னு ஒரு பவுடர் இருக்கு, சனிக்கிழமை குடுக்கிறேன். முந்தின நாள் சாயங்காலத்திலேருந்து பட்டினி போடணும். பசியில கண்ண மூடிக்கிட்டுத் திங்கும். ஒண்ணோட பங்க இன்னொண்ணு திங்காம தனித்தனியா வைக்கணும். அப்புறம் விளக்கெண்ணெய். கரண்டிய எடுத்துக்கிட்டுப் போகாதீங்க, முன்னங்கால்ல தடவி விடுங்க. பூனைக்கு அழுக்குன்னா ஆகாது, தானே நக்கிக்கும்."

சனிக்கிழமை பொட்டலம் வந்தது. இரண்டு தடவைக்கு ஆகும் என்று அக்கா சொல்லி அனுப்பினார். இத்தனை பூனைக்கு இத்தனூண்டு பொடி போதுமா என்ற பயத்தில் முழுவதையும் ஒரே தடவையில் போட்டுவிடுவது என்று நான் முடிவு செய்தேன். அன்று சாயங்காலம் சோறு வைக்கவில்லை. பூனைகள் கொல்லையில் உட்கார்ந்து என் பெயரைச் சொல்லிக் கத்தின. (அப்படித்தான் எனக்குக் கேட்டது.)

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இவர் வண்டிக்குப் போய்விட்டார். நான் நெத்திலிக் கருவாட்டை நெய்யில் வறுத்து, இடித்து, சூடான சோற்றில் போட்டுப் பிசைந்தேன். அந்தச் சோற்றில் பொடியைத் தூவி நன்றாகக் கலந்து, ஆளுக்கொன்றாக உருண்டை பிடித்தேன். வாசனை தூக்கியது. எனக்கே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாமா என்று இருந்தது. உருண்டைகள் ஆற வேண்டும். அடுப்படி மேடையில் பல்லி தொல்லை. அதனால் தட்டைக் கொண்டுபோய் மணைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்து மூடினேன். மச்சாண்டாரின் பத்து மணி வண்டிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. கொல்லைக்குப் போய் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிரட்டைகளை வைக்க ஆரம்பித்தேன்.

அன்றைக்கென்று மச்சாண்டார் விடியற்காலைச் சாமான் வண்டியில் வந்துவிட்டார். சாக்குகளோடு பயணிகள் பெட்டியில் ஏறக் கௌரவம் இடம் கொடுக்கவில்லையாம்.

நான் திரும்பி வந்தபோது மணைப்பலகையில் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மடித்த சாக்குகள். மூடி ஒரு பக்கம் கிடந்தது. தட்டில் பாதி காலி.

ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். (தட்டைப் பிடுங்க அல்ல, ஒளிய. உங்களுக்குப் புரியாது, கூச்சம் என்பது அப்படித்தான்.) என் பின்னாலேயே புகையும் வந்து வாசற்படியில் நின்று பசியில் கத்தியது.

அன்றைக்கு மச்சாண்டார் நல்ல குஷியில் இருந்தார். அந்த வாரம்தான் முதல்முறையாக அவருக்குப் பிடித்த பண்டம் கிடைத்திருக்கிறது. தூணை விட்டுவிட்டுப் பூனையிடம் பேசினார்.

"பூனையே, ஒன் எசமானிகிட்டச் சொல்லு. இந்த மாதிரி நெத்திலிச் சோறு நான் கிள்ளான்ல தின்னதில்ல."

நானும் பூனையிடம்தானே பேச வேண்டும்? "பூனையே..." என்றேன். "அது... அது ஒனக்கு..."

"என்ன சொல்றா?" என்று பூனையைக் கேட்டார். பிறகு அவரே சிரித்தார். "ஓ! ஒனக்கும் பங்கு குடுக்கணுமாமா? குடுத்தாப் போச்சு, ஊரை விட்டுப் போற பூனைதானே." ஓர் உருண்டையைக் கிள்ளி வீசினார். புகை மோந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. ராத்திரியெல்லாம் பட்டினி கிடந்த பூனை! அதற்கு இருந்த புத்தி எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

"பூனையே, அதில் மருந்து இருக்கிறது என்று சொல்லு." இந்த வாக்கியத்தை மனதுக்குள் தயார் செய்தேன். சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். மூச்சை இழுத்துப் பிடித்து வாயைத் திறந்தபோது வெளியே செம்புத் தண்ணீர் சத்தம் கேட்டது. அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். தட்டில் ஒரு பருக்கை இல்லை.

தின்றாகிவிட்டது, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். கூச்சப்படுகிறவர்களுக்கு எதையும் தள்ளிப்போட ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும். ஆனாலும் வேலிக்கு ஓடினேன். பாக்கியம் அக்கா வீட்டில் யாரோ ஐந்தாறு பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் கூப்பிட முடியுமா? திரும்பி வந்துவிட்டேன். மச்சாண்டார் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதும், அடுப்படிக்கு வந்து தெய்வங்களை வேண்டுவதுமாக மத்தியானம் வரை கழிந்தது.

இவர் வேலை முடிந்து வெள்ளை உடுப்போடு வாசலில் ஏறும்போது மச்சாண்டார் கண் விழித்தார்.

"ஏன்டா தம்பி, கொடி காட்டுறவன் எதுக்குடா காவி கட்டிட்டு வர? சந்நியாசம் வாங்கிட்டியா?"

இவர் தன் உடுப்பைக் குனிந்து பார்த்தார். "வெள்ளைதான் அண்ணே."

"செவுத்துக்கு யாரு மஞ்சள் அடிச்சது?"

"வெள்ளைதான் அண்ணே."

வெள்ளைப் பூனை சுண்ணாம்பு அந்த நேரத்தில் வாசலைக் கடந்து போயிற்று. அதைப் பார்த்ததும் மச்சாண்டாரின் குரல் நடுங்கியது. "அந்தப் பூனைக்கு யாரோ மஞ்சள் பூசியிருக்காங்க, பாரு."

இவர் பூனையைப் பார்த்தார், பிறகு அண்ணனின் கண்ணைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. "தம்பி, எனக்குக் காமாலை வந்திருச்சுடா."

நாற்காலியிலிருந்து எழவும் பயந்துபோய் அலறினார். அலறல் கேட்டுப் பாக்கியம் அக்காவும் அவர் வீட்டுக்கு வந்த பெண்களும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அக்கா அவர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"கிராணியாரே, கண்ணு பால் மாதிரி வெள்ளையா இருக்கு. காமாலையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"பொய் சொல்லாத. கண்ணாடியக் கொண்டா!"

இவர் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார். மச்சாண்டார் அதில் தன் கண்ணைப் பார்த்தார். எல்லாமே மஞ்சளாகத் தெரிகிற மனிதருக்குக் கண்ணாடியில் கண் எப்படித் தெரியும்? "பாத்தியா! பாத்தியா! மஞ்சக் கெழங்கு மாதிரி இருக்கு! என்கிட்ட எல்லாரும் மறைக்கிறீங்க!" என்றார். அவரிடம் இனி யார் என்ன சொல்லி நிரூபிப்பது? வெள்ளை என்று சொல்கிறவர்கள் எல்லோரும், அவருடைய கண்ணுக்கு, மஞ்சள் முகத்தோடு நின்றுகொண்டு சொல்கிறார்கள்.

ஒரு பெண் கீழாநெல்லி பறிக்க ஓடினாள். இன்னொருத்தி மோர் கொண்டுவந்தாள். அரைத்துக் கலக்கிக் கொடுத்ததை மச்சாண்டார் கண்ணை மூடிக் குடித்தார். குடித்துவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணு ஆயிட்டா, தொப்பிய நீ வெச்சுக்க. குடை வேண்டாம், கம்பி போயிருச்சு. ஒங்க அண்ணிகிட்ட, நான் கோவக்காரனே தவிர கெட்டவன் இல்லேன்னு சொல்லு." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராகக் கொல்லைப் பக்கம் கையை நீட்டினார். "எல்லாம் அந்தச் சனியனுங்களால வந்தது. அன்னிக்குச் சப்பாத்துல காலை விட்டேன் பாரு, அதுலதான் ஏறிருச்சு. இந்தக் குடும்பத்துல இன்னொருத்தருக்கு வரக்கூடாது. இப்பவே புடிச்சுச் சாக்குல கட்டு. நான் கண்ண மூடுறதுக்குள்ள வண்டியில ஏத்து."

சாகப்போகிற அண்ணன் கேட்டால் தம்பி என்ன செய்வார்? இவர் சாக்கை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார். முகத்தில் உயிரே இல்லை. பட்டினியில் கிடந்த குட்டிகள், சோறுதான் வருகிறதென்று வாலைத் தூக்கிக்கொண்டு அவரிடமே ஓடி வந்தன. கை நீட்டினால் ஓடுகிற குட்டிகள் அன்றைக்கு ஓடவில்லை. ஒன்றைத் தூக்கி இவர் சாக்குக்குள் விட்டார். உள்ளே இருந்து அது "மியா" என்றது.

அந்தச் சத்தம் என்னை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. கதவுக்குப் பின்னால் இருந்தவள் முன்வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மச்சாண்டாருக்கு நேர் எதிரே, முக்காடு விலகி, கையில் எதற்கோ கரண்டி வேறு.

"மாமா! ஒங்களுக்குக் காமாலை இல்ல! நீங்க காலையில தின்னது பூனைக்கு வெச்ச பூச்சி மருந்து! எல்லா பூனையோட பங்கையும் நீங்களே தின்னுட்டீங்க! பூனைங்க மேல ஒரு தப்பும் இல்ல, அதுங்க பாவம் நேத்து சாயங்காலத்திலேருந்து பட்டினி!"

கல்யாணமாகி அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. தெருக்கோடி வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

மச்சாண்டார் என்னையே பார்த்தார். (நானும் மஞ்சளாகத்தான் தெரிந்திருப்பேன்.) பிறகு மிக மெதுவாக, தூணிடமும் இல்லை, பூனையிடமும் இல்லை, என்னிடமே கேட்டார்.

"அப்போ நான் சாகலியா?"

அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பொட்டலம் முழுவதையும் கொட்டியவள் நான் அல்லவா? அதற்குள் பாக்கியம் அக்கா ஆள் அனுப்பி, ஆஸ்பத்திரியிலிருந்து டிரஸ்ஸர் வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டார். நாடியைப் பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் நான் தரையில் உட்கார்ந்தேன்.

"மஞ்சளாத் தெரியுதா? தெரியணுமே! சுத்தமான மருந்துன்னா அப்படித்தான் தெரியும். மனுசனுக்குக் குடுக்கும்போது முன்கூட்டியே சொல்லிருவேன். பூனை வந்து 'எனக்கு மஞ்சளாத் தெரியுது'ன்னு எங்கிட்ட முறையிடவா போகுதுன்னு சொல்லாம விட்டுட்டேன். கிராணியாரே, நாளைக்கு ஒங்களுக்கு எல்லாம் வெள்ளையாயிரும். இப்ப விளக்கெண்ணெய் குடிங்க."

"பூனைக்குக் கால்ல தடவினாப் போதும்ன்னீங்களே?" என்றார் இவர், பாவம், உண்மையான சந்தேகத்தோடு.

"ஒங்க அண்ணன் நக்குவாரா?"

மச்சாண்டார் டம்ளரை வாங்கிக் குடித்தார். அன்று சாயங்கால வண்டியில் அவர் போகவில்லை. வண்டியைப் பற்றி நினைக்க அவருக்கு நேரமும் இல்லை. கொல்லைக்கோடிக்கும் நாற்காலிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். ஒருமுறை அங்கிருந்து "தம்பீ! இங்க வந்து பாருடா!" என்று கூப்பாடு. இவர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து திண்டாடியபடி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "இடியாப்பம்." (அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் இடியாப்பம் பிழியவில்லை.)

மறுநாள் காலை மச்சாண்டார் எழுந்து சுவரைப் பார்த்தார். வெள்ளை. தம்பியின் உடுப்பைப் பார்த்தார். வெள்ளை. எத்தனையோ வருஷமாகப் பிடித்துக்கொண்டே இருந்த வயிற்றிலிருந்து கையை எடுத்தார். வலி இல்லை. கஞ்சி கேட்டுக் குடித்தார். குடித்துவிட்டுக் கொல்லைப்படியில் உட்கார்ந்து பூனைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பூனைகளும் அவரைப் பார்த்தன. சாக்கிலிருந்து குட்டியை இவர் நேற்றே விட்டிருந்தார். ஆனால் தீர்ப்பு இன்னும் வரவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று, பெருமூச்சுக்கூட விடாமல் காத்திருந்தேன்.

"இந்தா கமலம்" என்று கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. "எனக்கும் அதுங்களுக்கும் ஒரே சீக்கு. அதுங்களச் சாக்குல கட்டினா என்னையும்ல கட்டணும்? டிரஸ்ஸர்கிட்ட இன்னொரு பொட்டலம் வாங்கு. இந்தத் தடவை நான் பக்கத்துல நிக்கிறேன்."

அழக்கூடாது என்று நினைத்தேன். அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னபடியே நின்றார். டிரஸ்ஸர் அளந்து கொடுத்த பொடி மீன் சாற்றில் கலந்து, தனித்தனிச் சிரட்டையில், தனித்தனி மூலையில். ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்ததன் பங்குக்கு வந்தபோதெல்லாம் மச்சாண்டார் குடையை நீட்டித் தடுத்தார். பெரிய கிராணி உத்தியோகத்தில்கூட அவர் அத்தனை கண்டிப்பாக இருந்திருக்க மாட்டார். முன்னங்காலில் எண்ணெய் தடவுகிற வேலையை இவர் ஏற்றுக்கொண்டார். கையெல்லாம் கீறல். பிறகு அவை கழித்ததையெல்லாம் சாம்பல் போட்டு மூடி, தூரமாகப் புதைத்தோம், இல்லையென்றால் குட்டிகளுக்குத் திரும்பவும் வரும் என்று டிரஸ்ஸர் பயமுறுத்தியிருந்தார். சில வாரம் கழித்து இன்னொரு தடவையும் கொடுத்தோம். குட்டிகளின் மத்தள வயிறு வற்றியது. ரோமம் படிந்தது. கத்தலும் குறைந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் கடைசி வரை ஒரு வேளை மருந்தையும் உருப்படியாகத் தின்னவில்லை. தின்றது போல நடித்துவிட்டுக் கட்டைக்கு அடியில் போய்த் துப்பும். அது பூச்சியோடேயே நீண்ட நாள் சந்தோஷமாக வாழ்ந்தது.

மச்சாண்டாருக்கு உடம்பு பூசினாற்போல் ஆயிற்று. கோபம் பாதியாகக் குறைந்தது. அத்தனை வருஷமும் அந்தக் கோபத்தை வளர்த்தவை எவை என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. அன்றிலிருந்து எந்த வீட்டில் இலை போட்டாலும், எவ்வளவு பெரிய விருந்தானாலும், கையை வைப்பதற்கு முன் நிமிர்ந்து "இது யாருக்கு வெச்சது?" என்று கேட்பார். பரிமாறுகிறவர்கள் "ஒங்களுக்குத்தான்" என்று வாயைத் திறந்து, அவர் காதில் விழும்படி சொன்னால்தான் சாப்பிடுவார். கதவுக்குப் பின்னால் இருந்து தட்டைத் தள்ளுகிற வேலை எங்கள் குடும்பத்தில் அதோடு நின்றது. பிறகு வந்த மருமகள்கள் எல்லோரும் வந்த முதல் நாளே அவரிடம் நேருக்கு நேர் பேச வேண்டும், அது அவருடைய புதுச் சட்டம்.

அவரைப் பார்த்து இவர் கேட்க ஆரம்பித்தார். இவரைப் பார்த்துப் பிள்ளைகள் ஆரம்பித்தார்கள். இப்போது எங்கள் வீட்டில் யாரும் அதைக் கேட்காமல் சாப்பிட உட்காருவதில்லை. சென்ற மாதம் பெண்ணைப் பார்க்க வந்த புதுச் சம்பந்தி வீட்டார், இது ஏதோ எங்கள் குலவழக்கப் பிரார்த்தனை என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்களும் கண்ணை மூடி, கையைக் குவித்து, மிகுந்த பக்தியோடு "இது யாருக்கு வெச்சது?" என்றார்கள்.

பதில் சொல்வது என் பொறுப்பு. சமையற்கட்டிலிருந்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.